போங்காட்டம் ஆடாதே! – பலகை விளையாட்டில் பிள்ளைகள் செய்யும் வேலை

ஏப்ரல் வந்துவிட்டால் பெங்களூரின் தொம்மலூர் லேஅவுட் அடுக்ககங்களின் லிஃப்ட் ஓரம் விளம்பரத் தாள்களால் நிறைந்துவிடும். நீச்சல், கீபோர்டு, அபாகஸ் வகுப்புகளோடு இப்போது பலகை விளையாட்டு முகாமும் சேர்ந்திருக்கிறது. கவனம் கூடும், ஞாபகசக்தி வளரும், கணக்குப் பயம் போகும், பிள்ளை நாலு பேரோடு பழகக் கற்கும் என்று ஒரே தாளில் நான்கு உத்தரவாதங்கள். கட்டணத்தைப் படித்தால் ஐ.ஐ.டி. இடத்தையும் சேர்த்தே கேட்கலாமோ என்று தோன்றும். அதே தொம்மலூரில், சொக்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பழைய சந்துகளில், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் கிழித்து, புளியங்கொட்டையைக் காயாக வைத்து, யாருக்கும் கட்டணம் கட்டாமல் ஆடும் பிள்ளைகளும் உண்டு.

இரண்டு இடத்துக்கும் பொதுவாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆடும்போது பிள்ளை என்னென்ன திறன்களைப் பயன்படுத்துகிறது என்பது ஒன்று. அந்தத் திறன் ஆட்டம் முடிந்த பிறகும் கூடவே வந்து பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் உதவுகிறதா என்பது இன்னொன்று. விளம்பரத் தாள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆய்வுகளைப் புரட்டினால் முதல் கேள்விக்கு வளமான பதில் கிடைக்கிறது. இரண்டாவதற்குக் கிடைப்பது மிகச் சிக்கனமான பதில். என் கணிப்பில், ஆட்டத்தில் பிள்ளைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வேலை காய் நகர்த்துவதில்கூட இல்லை. விதியைப் பற்றிச் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவதில் இருக்கிறது. அந்த வேலையைத்தான் நாம் முதலில் அவர்கள் கையிலிருந்து பிடுங்குகிறோம். ஆனால் அதற்கு முன் எண் கணக்கு.

பலகை விளையாட்டு ஆய்வுகளில் ஓரளவு உறுதியாக நிற்பது எண் சார்ந்த பகுதி. அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ‘ஹெட் ஸ்டார்ட்’ பாலர் வகுப்புகளில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. 124 பிள்ளைகள். ஒன்று முதல் பத்து வரை ஒரே வரிசையில் எழுதிய கட்டம். சுழற்றினால் 1 அல்லது 2 காட்டும் முள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்டம்தான். எண்ணுக்குப் பதில் கட்டங்களில் நிறம். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி அல்லது இருபது நிமிடம். அவ்வளவுதான். எண் கட்டத்தில் ஆடிய பிள்ளைகள் எண்ணுவதிலும், எது பெரிய எண் என்று சொல்வதிலும், ஒரு கோட்டின் மேல் எண்ணின் இடத்தைக் குறிப்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் கரையவில்லை. நிறக் கட்டத்தில் ஆடியவர்களுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

அடுத்தடுத்த ஆய்வுகள் இதை இன்னும் இறுக்கின. கட்டங்களை நேர்வரிசையாக வைக்காமல் வட்டமாக வைத்தபோது பலன் குறைந்தது. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. நூறு வரை போகும் பலகை. காய் 5இல் நிற்கிறது, முள் 2 காட்டுகிறது. ஒரு குழுப் பிள்ளைகள் “ஆறு, ஏழு” என்று கட்டத்து எண்ணைச் சொல்லியபடி நகர்த்த வேண்டும். இன்னொரு குழு “ஒண்ணு, ரெண்டு” என்று நகர்த்தலாம். கற்றல் முதல் குழுவுக்குத்தான் வாய்த்தது. பலகை ஒன்று, முள் ஒன்று, நேரம் ஒன்று. வாய் சொன்னது மட்டும் வேறு. நம் வீடுகளில் பாம்பும் ஏணியும் ஆடும் எந்தப் பிள்ளையையும் கவனியுங்கள்: 37இல் காயை வைத்துக்கொண்டு “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்றுதான் தட்டிக்கொண்டு போகும். கட்டத்தில் எழுதியிருக்கும் எண் அதன் கண்ணிலேயே படுவதில்லை, பாம்பின் வாய் மட்டும்தான் படுகிறது. “முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது” என்று சொல்ல வைப்பதற்கு எந்த முகாமும் தேவையில்லை.

கைப்பேசி லூடோவில் இந்த வேலை முழுவதுமே காணாமல் போகிறது. பகடையைத் தொட்டால் அது உருளும், காயைத் தொட்டால் அதுவே ஓடிப்போய் உரிய கட்டத்தில் நிற்கும். எண்ணுகிறவர் யாரும் இல்லை. ஊரடங்குக் காலத்தில் வீடுதோறும் லூடோ நுழைந்தபோது பிள்ளைகள் ‘பலகை விளையாட்டு’ ஆடுவதாகப் பெற்றோர் ஆறுதல் கொண்டார்கள். பலகையில் பிள்ளை செய்ய வேண்டிய கூலி வேலையை நிரல் செய்துகொண்டிருந்தது.

சிலி நாட்டின் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000க்குப் பிறகு வந்த 19 ஆய்வுகளை 2023இல் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்று முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகள். பெரும்பாலும் வாரம் இரு தடவை, இருபது நிமிடம், ஒன்றரை மாதம் என்ற அளவில் ஆட்டம். சோதித்த கணக்குத் திறன்களில் 52 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. செய்தித்தாள்கள் இதை ‘பலகை விளையாட்டு கணக்கை வளர்க்கிறது’ என்று தலைப்பிட்டன. மீதி 48 சதவீதத்தைப் பற்றித் தலைப்பு போட யாருக்கும் ஆர்வம் இல்லை. அந்தத் தொகுப்பிலிருந்த ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாமே கணக்கைத்தான் பார்த்தவை என்பதும் கவனிக்க வேண்டிய செய்தி. பழகும் குணம், பொறுமை, கோபத்தை அடக்குவது எல்லாம் அளப்பதற்குக் கடினம், அளந்தவர்களும் குறைவு.

நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய சோதனை இந்த உற்சாகத்துக்குக் கடிவாளம் போடுகிறது. மொய்ரா தில்லன், எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் ‘பிரதம்’ அமைப்போடு சேர்ந்து டெல்லியில் செய்து 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. 214 பாலர் பள்ளிகள், சராசரியாக ஐந்து வயதை எட்டும் 1,540 பிள்ளைகள். ஒரு குழுவுக்கு அளவையும் வடிவத்தையும் உணரவைக்கும் கணக்கு விளையாட்டுகள். இன்னொரு குழுவுக்கு முகத்தில் தெரியும் உணர்ச்சியையும் பார்வை போகும் திசையையும் படிக்கும் சமூக விளையாட்டுகள். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான வகுப்பு. நான்கு மாதம் ஆடினார்கள். கணக்கு விளையாட்டு ஆடியவர்களுக்கு எண்ணிக்கையையும் வடிவத்தையும் கண்ணால் மதிப்பிடும் திறன் கூடியது. ஓராண்டுக்கு மேலும் நீடித்தது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளிக் கணக்கில் அவர்கள் மற்றவர்களை முந்தவில்லை. ஆட்டத்தில் வளர்ந்த திறன் உண்மையானதுதான். அதற்கும் ‘7 + 5 = ?’ என்று கரும்பலகையில் எழுதியதற்கும் நடுவே யாரும் பாலம் கட்டவில்லை.

சதுரங்கத்திலும் கதை இதேதான். தமிழருக்கு இங்கே நெஞ்சு நிமிர்த்த உரிமை உண்டு: 1961இல் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த், 2024இல் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனான குகேஷ். 2013இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 7 முதல் 17 வயதுவரையான மாணவருக்குச் சதுரங்கம் என்ற திட்டம் தொடங்கியது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. இதன் அலை பெங்களூருக்கும் வந்தது. சதுரங்கம் பழகினால் கணக்கு வரும் என்பது இன்று பெற்றோரிடையே கேள்விக்கு அப்பாற்பட்ட நம்பிக்கை. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில், நாலாயிரம் பிள்ளைகளிடம், ஓராண்டு வாராந்தரச் சதுரங்க வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். வகுப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வில் வித்தியாசமே இல்லை என்று 2016 அறிக்கை சொன்னது. அதே ஆண்டு சாலா, கோபே இருவரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்தபோது ஓரளவு பலன் தெரிந்தது; ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சதுரங்கக் குழுவை வேறு ஏதேனும் புதிய பயிற்சி பெற்ற குழுவோடு ஒப்பிடவில்லை. புதிதாக எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளைகளுக்குக் கொஞ்சநாள் உற்சாகம் வரும் அல்லவா?

சதுரங்கத் திறன் வேறு இடத்துக்குப் போகாததற்கான காரணத்தை உளவியலாளர் மிச்சலின் சீ 1978இலேயே காட்டிவிட்டார். சுமார் பத்து வயதுள்ள, சதுரங்கத்தில் தேர்ந்த சிறுவர்கள் ஒரு பக்கம். ஆட்டத்தில் அவ்வளவு பழக்கமில்லாத பெரியவர்கள் மறுபக்கம். பலகையைச் சில விநாடி காட்டிவிட்டு மறைத்தால் காய்களின் இடத்தைச் சிறுவர்கள் பெரியவர்களைவிட நன்றாக நினைவிலிருந்து அடுக்கினார்கள். எண்களைச் சொல்லித் திரும்பக் கேட்டால் பெரியவர்களே முந்தினார்கள். சிறுவர்களிடம் இருந்தது பெரிய ஞாபகசக்தி அல்ல, சதுரங்கத்தைப் பற்றிய பெரிய அறிவு. ஆட்டம் மூளைக்கு டானிக் கொடுப்பதில்லை. அந்த ஆட்டத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

இதைக் கேட்டு முகாம்காரர்கள் சோர்ந்துபோகலாம். எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆட்டம் எதற்காவது உதவியாக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கினால், ஆட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்கும். அப்படிப் பார்ப்பதற்குப் பல்லாங்குழியைவிடச் சிறந்தது இல்லை.

இருபுறமும் ஏழேழு குழி, குழிக்கு ஐந்தைந்து முத்து (சில ஊர்களில் ஆறாறு). ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். இதற்கிடையே எந்தக் குழியிலாவது நான்கு முத்து சேர்ந்தால் அது ‘பசு’. அந்தப் பக்கத்துக்காரர் உடனே எடுத்துக்கொள்ளலாம். உடனே என்பது முக்கியம். இன்னொரு முத்து விழுந்துவிட்டால் ஐந்தாகிவிடும், பசு போய்விடும்.

எண்ணாமலே பார்த்தவுடன் எத்தனை என்று கண் பிடிக்கும் எல்லை மூன்று அல்லது நான்கு என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் எண்ணித்தான் ஆக வேண்டும். பசு அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது! மூன்றாக வைத்திருந்தால் யாரும் தவறவிடமாட்டார்கள், ஆறாக வைத்திருந்தால் யாராலும் ஓடும் கையோடு கண்டுகொள்ள முடியாது. அதனால் எதிராளி ஆடும்போதும் பிள்ளை சும்மா இருக்க முடிவதில்லை. தன் பக்கத்து ஏழு குழியிலும் கண் ஓடிக்கொண்டே இருக்கும். தன் முறை வரும்வரை வேடிக்கை பார்க்கலாம் என்ற வசதியை இந்த ஆட்டம் தருவதே இல்லை. ‘முறைக்குக் காத்திருக்கப் பழகுகிறது’ என்று பலகை விளையாட்டின் பலன்களில் வழக்கமாக ஒன்றைச் சொல்வார்கள்; பல்லாங்குழியில் காத்திருப்பதே ஒரு வேலை.

இன்னொரு வேலை ஆட்டம் தொடங்கும் கணத்தில். எந்தக் குழியை அள்ளுவது? ஏழெட்டு வயதுப் பிள்ளை நிறைய இருக்கும் குழியை அள்ளும், கைநிறைய முத்து இருப்பதே அதற்கு வெற்றி. பத்து வயதுப் பிள்ளை குழியில் உள்ளதைக் கண்ணாலேயே எண்ணி, எங்கே போய் முடியும், அடுத்த குழி நிறைந்திருக்கிறதா வெறுமையா என்று விரலை அந்தரத்தில் நகர்த்திப் பார்க்கும். தொட்டு எண்ணக் கூடாது என்பது பல வீட்டு விதி. மேற்கு ஆப்பிரிக்காவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த அவலே ஆட்டத்தைச் சிறுவர்களிடம் ஆராய்ந்த ழான் ரெட்ஷிட்ஸ்கியும் தேர்ந்த சிறுவர்களிடம் இதைத்தான் கண்டார்: ஒரு காயைத் தொடுவதற்கு முன் பல வழிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பவர்கள் அவர்கள். கை பரபரக்கும்போது அதைக் கட்டிவைத்து, மனதில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததை யோசிப்பது என்ற இந்த மூன்றையும் சேர்த்துத்தான் இன்றைய உளவியல் ‘செயலாட்சித் திறன்’ என்கிறது.

பல்லாங்குழிக்குப் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் வேறொரு வாசிப்பு தந்திருக்கிறார். சமமாகத் தொடங்கும் ஆட்டம், ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து மற்றவர் வறியவராவதில் முடிகிறது. தனிச்சொத்து தோன்றிய கதையை அவர் அதில் கண்டார். அடுத்த சுற்றில் தோற்றவரின் குழிகள் நிரம்பாமல் கிடப்பதை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு இந்த வாசிப்பு புதிதாக இருக்காது. முந்திய சுற்றின் தோல்வி அடுத்த சுற்றின் தொடக்கத்தையே குறைத்துவிடுகிறது. லூடோவில் அப்படி இல்லை, ஆட்டத்துக்கு ஆட்டம் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். வறுமை சேர்ந்துகொண்டே போகும் ஆட்டத்தில் அழாமல் உட்கார்ந்திருப்பது எட்டு வயதுக்குச் சாதாரணக் காரியம் அல்ல.

தாயம் வேறு பாடம். பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகம். உருட்டினால் மொத்தம் பதினாறு விதமாக விழலாம். மூன்று விழ நான்கு வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று. தாயம் எனப்படும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு. ஆறுக்கும், இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. எதெதற்கு மறு ஆட்டம் உண்டு என்று நினைத்துப் பாருங்கள்: தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அரிதாக விழும் இந்த நான்கு எண்களுக்கும் பரிசு. அடிக்கடி விழும் இரண்டு, மூன்று, நான்குக்கு எதுவும் இல்லை. இந்த ஆட்டத்தை அமைத்தவர்கள் நிகழ்தகவுச் சூத்திரம் எழுதியிருக்கமாட்டார்கள், ஆனால் தரையில் அமர்ந்து நூற்றாண்டுகளாகக் கட்டை உருட்டியவர்களின் கண் அதை எடைபோட்டிருக்கிறது. எதிரியின் காய் மூன்று கட்டம் பின்னால் நிற்பதும் ஆறு கட்டம் பின்னால் நிற்பதும் ஒரே ஆபத்து இல்லை என்று ஆடிப் பழகிய பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் “மூணு சும்மா சும்மா விழும்” என்று சொல்லும். அது சரியான பதில்தான்.

எதிராளியின் மனதைப் படிப்பதற்கு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று புள்ளி. இரு பக்கத்துக்கும் படையும் ஒன்றல்ல, இலக்கும் ஒன்றல்ல. புலி தாண்டி வெட்ட வேண்டும், ஆடு சுற்றி வளைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் எப்போதும் புலிதான் கேட்பார்கள். ஆட்டுப் பக்கம் ஆடினால் புலிக்கு அருகிலேயே ஆட்டை வைத்துவிட்டு, பின்னாலுள்ள புள்ளி காலியாக இருப்பதைக் கவனிக்காமல், வெட்டுப்பட்டதும் அதிர்ந்துபோவார்கள். பிறர் மனதில் இருப்பது தன் மனதில் இருப்பதிலிருந்து வேறு என்று நான்கு வயது வாக்கில் பிள்ளைக்குப் புரியத் தொடங்குகிறது. விம்மர், பெர்னர் இருவரும் 1983இல் செய்த புகழ்பெற்ற சோதனை இதைத்தான் காட்டியது. ஆனால் அந்தப் புரிதலை வைத்து ‘நான் இங்கே வைத்தால் அவன் அங்கே வருவான்’ என்று ஆடுவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆட்டுப் பக்கத்தை விரும்பிக் கேட்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும். பதினைந்து பலவீனமான காய்களை வைத்து ஒரு பொறி கட்ட முடியும் என்று அது நம்பத் தொடங்கிவிட்டது.

இனி விதி.

மூன்று வயதுப் பிள்ளையின் முன்னால் ஒரு பொம்மை ஆட்டத்தைத் தப்பாக ஆடினால் பிள்ளை “அப்படி இல்ல!” என்று குறுக்கிடும். ராக்கோட்சி, வார்னெக்கன், டொமசெல்லோ மூவரும் 2008இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். தன் காய் வெட்டுப்படவில்லை, தனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனாலும் ஆட்டத்தை ‘இப்படித்தான்’ ஆட வேண்டும் என்ற நியாயம் பிள்ளைக்கு உறுத்துகிறது. உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலுக்காக ஜெனீவாவிலும் நியூஷாடெல்லிலும் கோலி விளையாடும் சிறுவர்களிடம் உட்கார்ந்து, விதி எங்கிருந்து வந்தது, மாற்றலாமா என்று கேட்டார். சின்னவர்களுக்கு விதி பெரியவர்களோ கடவுளோ தந்தது, தொடக்கூடாது. பத்துப் பன்னிரண்டு வயதில்தான், எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்ற எண்ணம் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், விதி புனிதம் என்று சாதிக்கும் சின்னவர்கள்தான் ஆடும்போது அதிகம் மீறுகிறார்கள். மாற்றலாம் என்று சொல்லும் பெரியவர்கள் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். தாங்களே ஒப்புக்கொண்டது என்பதால் இருக்கலாம்.

தொம்மலூர்ச் சந்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரே விதி என்ற வசதி இல்லை. சொக்கப்பெருமாள் கோயிலின் பழைய கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன, ஊரை அவை தொம்பலூர் என்கின்றன. சுற்றிலும் பேசப்படுவது கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து. தமிழ் வீட்டுத் தாயம், கன்னட வீட்டில் சௌகாபாரா, தெலுங்கு வீட்டில் அஷ்டா செம்மா. நம் பல்லாங்குழி அங்கே அளகுளி மணெ. ஐந்துக்கு ஐந்து கட்டம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் எதை உருட்டுவது, எது விழுந்தால் காய் இறங்கும், எதிரியை வெட்டாமல் உள்வட்டத்துக்குப் போகலாமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சட்டசபை கூடுகிறது.

அப்படி ஒரு சபையைப் பக்கத்தில் நின்று கேட்டதுண்டு. ஒன்பது வயது இருக்கும் பெண், “தாயம் போட்டாத்தான் காய் இறங்கும்” என்றாள். எதிரே இருந்த பையன் “நம் மனேலி ஹாகில்லா” என்றான், எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று. அவன் கையில் நான்கு சோழி. சோழியில் ஒன்று விழுவதும் கட்டையில் தாயம் விழுவதும் ஒரே கணக்கா என்று அவளுக்குச் சந்தேகம். “எங்க பாட்டி சொன்னாங்க” என்று அவள் மேல்முறையீடு செய்தாள்; “நம் அஜ்ஜியும்தான்” என்று அவன் பாட்டிக்குப் பாட்டியை நிறுத்தினான். இரு பாட்டிகளும் சமமாகிவிட்டதால் அதிகாரம் தரைக்கு இறங்கி வந்துவிட்டது. மூன்றாவது ஆள், அவளுடைய தம்பி, இரண்டு மொழியிலும் “சீக்கிரம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் ஆளுக்கு ஒரு காய் மட்டும் சும்மா இறங்கலாம், மற்றவற்றுக்குத் தாயம் வேண்டும் என்று தீர்ந்தது. பியாஜேயின் அட்டவணைப்படி அவளுக்கு இந்தப் புத்தி இன்னும் ஓரிரு வருடம் கழித்து வந்திருக்க வேண்டும். இரண்டு நியாயம் எதிரெதிரே உட்காரும் சந்தில் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும் போலும்.

அந்தத் தம்பியின் நிலையும் கவனிக்கத்தக்கது. அவன் ஒப்புக்குச் சப்பாணி. பெயர் நல்ல பெயர் இல்லை, குறைபாடுள்ளவரைக் கேலி செய்யும் சொல். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அவன் கட்டை உருட்டலாம், காய் நகர்த்தலாம், வெட்டுப்பட்டால் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. இப்படி ஓரத்தில் உட்கார்ந்து ஆடியே விதிகள் அவனுக்குப் பழகிவிடும். ஒருநாள் “நானும் சேத்திதான்” என்று கேட்பான், அன்று அக்காவுக்குத் தலைவலி தொடங்கும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டத்தில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்விக்குத் தெருப் பிள்ளைகள் கண்ட இந்த விடையை எந்த முகாமிலும் நான் பார்த்ததில்லை. அங்கே வயதுவாரியாக மேசை போட்டுவிடுகிறார்கள்.

தெருவில் தண்டனைச் சட்டமும் உண்டு. ஏமாற்றினால் போங்காட்டம், தோற்றதும் கட்டத்தை அழித்தால் அழுகுணி. அழுகுணிக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் கிடைப்பது சந்தேகம். ரொம்ப முற்றினால் ‘டூ’. ஆனால் மூன்றாவது ஆள் இல்லாமல் தாயம் சுவைக்காது என்பதால் சாயங்காலத்துக்குள் ‘பழம்’ விட்டுவிடுவார்கள். கண்டிப்பது, ஆனால் ஆட்டம் நடக்க ஆள் வேண்டும் என்பதால் மன்னிப்பது என்ற இந்த இரண்டையும் அளந்து கலக்கப் பெரியவர்களுக்கே வராது. உளவியலாளர் லெவ் வீகோத்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில், விளையாட்டில்தான் பிள்ளை தன் உந்துதலை மிக அதிகமாக அடக்குகிறது, ஏனென்றால் விதிக்குக் கட்டுப்படுவதே அங்கே இன்பம் என்றார். வெளியிலிருந்து அதட்டி வரவழைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வகுப்பறை வாசலில் நின்றாலே பார்க்கலாம்.

போட்டி கெடுதல், கூட்டுறவு விளையாட்டே நல்லது என்றொரு வாதமும் உண்டு. 1994இல் அமெரிக்காவில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் 70 பேரிடம் செய்த ஆய்வில், எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கும் ஆட்டங்களுக்குப் பிறகு அடிதடி குறைந்தது, போட்டி ஆட்டங்களுக்குப் பிறகு கூடியது. 2021இல் சுவீடனில் செய்து பார்த்தபோது அப்படி வித்தியாசம் தெரியவில்லை. என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: போட்டி ஆட்டத்துக்குள்ளேயே நிறையக் கூட்டுறவு ஒளிந்திருக்கிறது. விதிக்கு உடன்படாமல் யாரையும் தோற்கடிக்க முடியாது.

அரசாங்கமும் விளையாட்டின் பக்கம் திரும்பியிருக்கிறது. கர்நாடகத்தின் ‘நலி கலி’ 1995இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. மத்திய அரசு மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கென 2023இல் ‘ஜாதுயி பிட்டாரா’ என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. பள்ளிக்குள் ஆட்டம் வருவது நல்லதே. டெல்லி ஆய்வில் இல்லாமல்போன பாலத்தைக் கட்டப் பள்ளிக்கூடத்தால்தான் முடியும்: கட்டத்தில் நகர்ந்ததைச் சிலேட்டில் எழுத வைக்க ஆசிரியர் வேண்டும். தெருவில் அதற்கு யாரும் இல்லை.

ஆனால் சபை கூடும் நேரத்தைப் பள்ளியாலும் முகாமாலும் தர முடிவதில்லை. அங்கே விதி அட்டையில் அச்சாகியிருக்கிறது. தகராறு வந்தால் பயிற்சியாளர் அட்டையைப் பார்த்து அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். ஒரு மணி நேரத்தில் மூன்று ஆட்டம் முடித்தாக வேண்டுமே. செயலியிலோ தகராறுக்கே இடமில்லை, தப்பான கட்டத்தில் காய் நிற்கவே நிற்காது. வீட்டில் பெற்றோரும் அப்படித்தான். “சண்டை போட்டா எடுத்து வெச்சிடுவேன்” என்று பலகையைத் தூக்குகிறோம், அல்லது சின்னதுக்கு விட்டுக்கொடு என்று பெரியதை அடக்குகிறோம். இரண்டிலும் வழக்கு நம்மால் முடித்துவைக்கப்படுகிறது. அடிதடி வரை போகாத சண்டையாக இருந்தால் அடுத்த அறையில் இருந்துகொள்ளலாம் என்பது என் கட்சி. தெருப் பிள்ளைகளுக்கு இந்தச் சுதந்திரத்தை யாரும் யோசித்துக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பதால் தானாகக் கிடைத்தது. அதை ரொம்பவும் காவியமாக்க வேண்டாம். அந்தச் சந்துகளில் மாலை விளக்கும் பாதுகாப்பான தரையும்கூடக் குறைவு.

நான் கேட்ட அந்தச் சபையின் தீர்ப்பு, ஆளுக்கு ஒரு காய் சும்மா இறங்கலாம் என்பது, அந்த விடுமுறை முழுக்கச் சந்தில் செல்லுபடியானது. மே மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மாமா பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தாயம் விழாமல் காய் எப்படி இறங்கும், இதெல்லாம் போங்கு என்றார்கள். “இங்க இப்படித்தான்” என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் உட்கார்ந்து அதை முதலில் ஆமோதித்தவன் அந்தக் கன்னடப் பையன்.